தெளிந்த தொட்டி

காலை பத்து மணிக்கே தண்ணீர் தெளிந்திருந்தது. ஒடிலியாவுக்கு அது சரியாகப் படவில்லை. தெவகான் நகரின் ஜீன்ஸ் சலவை ஆலையிலிருந்து வரும் கருநீலக் கழிவுநீர், வெயில் பட்டால் சாயத்தைத் தின்னும் வெள்ளைப் பொடி கலந்து, முற்றத்துக் கண்ணாடிக் குழாய்களில் வெயிலைக் குடித்தபடி சுற்றிச் சுற்றி ஓடித் தொட்டியில் விழ, சாயம் உடைந்து வெளிற எப்போதும் மாலை நாலு மணி ஆகிவிடும். இன்று மோட்டாரின் உறுமலுக்கு அடியில், யாரோ எதையோ மெல்லச் சப்புவது போல ஒரு சத்தம். தினமும் குமட்டும் சாய நாற்றம் போய், காற்று எந்த வாசமும் அற்றுக் கிடந்தது. விளிம்பில் படியும் பாசி இல்லை. விழுந்து மிதக்கும் ஈக்கள் இல்லை.

அவள் கணவன் கசிமிரோ தொட்டிக்குள் இடுப்பளவு நீரில் நின்று, அடியில் தங்கிய பொடியைத் துடைப்பத்தால் கலக்கிக்கொண்டிருந்தான். சூரியனை மேகம் மறைத்திருந்தது.

"ஏறி வாய்யா. தண்ணி சரியில்ல."

"இத்தன நாளு அழுக்குன்னு திட்டுன. இப்ப சுத்தமா இருக்குன்னு திட்டுறியாடி?"

கால்கள் மட்டும் மரத்துப்போயிருக்கின்றனவாம், சுகமாகத்தான் இருக்கிறதாம்.

மேகம் விலகியது. வெயில் தொட்டியில் இறங்கியது. சப்பும் சத்தம் பெருத்தது.

கல்யாணத்துக்கு முன்பே தன் முன்கையில் அவள் பெயரைப் பச்சை குத்தியிருந்தான் அவன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் எழுத்து வெளிறியது. பிறகு அடுத்தது. அதற்கும் அடுத்தது.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். மோட்டார் நின்றது. சத்தம் நிற்கவில்லை. வெயிலை மறைக்கத் தார்ப்பாயை இழுத்தாள். கனத்தது. பாதித் தொட்டிதான் மூடியது. அவன் மீதிப் பாதியில் நின்றான்.

விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்கோ, கசி."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மரியாதையாகத் தலையசைத்தான்.

"நீங்க யாரும்மா?"

எட்டி அவன் மணிக்கட்டைப் பற்றினாள். விரல்களுக்கிடையே குளிர்ந்த நீர் வழிந்தது. அவ்வளவுதான்.

அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். நிழல் இல்லை. அவன் மார்பினூடே எதிர்ச்சுவரின் செங்கல் தெரிந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு நீர்த்துளிகள். அவளையே பார்த்தபடி. பதிலுக்குக் காத்திருந்தன.