நிகழாத நான்கு விநாடிகள்

"கடிகாரம் லேட்டா ஓடுச்சு மேடம்," என்றார் நேரக்காப்பாளர் குலசேகரன். "பந்தைத் தொட்டதும் ஓடியிருக்கணும். ரெண்டு செகண்ட் அப்படியே நின்னுடுச்சு."

தலைமை நடுவர் அமலோற்பவம் தலையசைத்தாள். பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் மீதியிருந்தது நான்கே விநாடி. தேனி அணி கடலூரைவிட ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அந்த அணியின் தமயந்தி இரண்டு பேரைத் தாண்டி எம்பிப் பந்தைக் கூடையில் போட்டாள். இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுந்தாள். கடிகாரம் ஒழுங்காக ஓடியிருந்தால், பந்து அவள் கையை விடுமுன்பே ஆட்டம் முடிந்திருக்கும்.

விதி தெளிவாக இருந்தது. அந்த நான்கு விநாடிகள் நிகழாதவை. மறுபடி ஆட வேண்டும். முன்பெல்லாம் அப்படி ஆடும்போது, எதிரணி என்ன செய்யப்போகிறது என்பது இரு பக்கமும் தெரிந்துபோய்த் தகராறாகும். இப்போது ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர் எல்லார் நெற்றியிலும் மறப்புப்பட்டை இருந்தது. அது அதிர்ந்தால், பிழை தொடங்கிய கணத்திலிருந்து அதுவரை நடந்த எதுவும் நினைவில் நிற்காது.

அமலோற்பவம் தமயந்தியின் அருகே மண்டியிட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"மேடம், டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே ஆட முடியாதாம்," என்றாள் தமயந்தி. "கூடையை எடுத்துக்கோங்க. ஞாபகத்தை மட்டும் விட்டுடுங்க."

"வீடியோ இருக்கேம்மா."

"அதுல பாத்தா வேற யாரோ போட்ட மாதிரிதானே இருக்கும்?"

இருபது வருடமாக விதியை மீறாதவள் அமலோற்பவம். மறதி, திரும்ப ஆடுகிறவர்களுக்காக. இவள் ஆடப்போவதில்லையே? 'ஒன்பதாம் எண்ணுக்கு விலக்கு' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டாள். காரணம் எழுதுவதற்குள் பட்டை அதிர்ந்தது.

கையில் பந்து இருந்தது. பலகையில் நான்கு விநாடி. தேனியின் ஒன்பதாம் எண் ஏனோ ஓரத்தில் படுத்திருந்தாள். அமலோற்பவம் விசில் ஊதினாள். இந்த முறையும் தேனிதான் வென்றது.

ஒரு மணி நேரத்தில் கடலூர் பயிற்சியாளர் மங்களேஸ்வரி முறையீட்டு அறைக்கு வந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு அவங்க பெஞ்ச் பக்கத்துலதான் படுத்திருந்தா. நாங்க எப்படி மறிச்சோம்னு அவளுக்கு மட்டும் தெரியும். சொல்லிக் குடுத்திருக்க மாட்டாளா?"

"நான் வாயே திறக்கலை," என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த தமயந்தி.

முறையீட்டுக் குழுத் தலைவர் பதிவேட்டை நகர்த்தினார். "விலக்கு குடுத்தது நீங்கதான். ஏன்?"

அமலோற்பவம் பார்த்தாள். தன் கையெழுத்துதான். காணொளியில் தன்னைப் போல் ஒருத்தி மண்டியிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் கூச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"தெரியலை சார்."

"மேடம், நான் கேட்டேன், நீங்க சரின்னீங்க," என்றாள் தமயந்தி. கேட்டதையெல்லாம் மறுபடி சொன்னாள். அமலோற்பவம் கடைசிவரை கேட்டாள். பாவமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் கடிதத்தைப் படிப்பது போல.

"விதிப்படி இந்த விலக்கு செல்லுமா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் தலைவர்.

"செல்லாது."

"குடுத்தது நீங்க."

"யார் குடுத்திருந்தாலும் செல்லாது சார்."

கோப்பை கடலூருக்குப் போனது. தமயந்தி அழவில்லை. அமலோற்பவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊழியர் ஒருவர் வந்து தமயந்தியின் நெற்றியில் பட்டையைக் கட்டினார். அது அதிர்ந்தது.

தமயந்தி கண்களைச் சிமிட்டினாள். சுவரைப் பார்த்தாள். கால்கட்டைப் பார்த்தாள். பிறகு நடுவர் சட்டையை அடையாளம் கண்டு அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நாலு செகண்ட் பாக்கி இருக்கு," என்றாள் அவசரமாக. "பந்தை எனக்குப் போடச் சொல்லுங்க. நான் போட்டுருவேன்."