தங்கமீன் நடைக்குப் போன காலை

ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாய்களை அத்தையிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அத்தைக்கு அவை எல்லாம் விருந்தாளிகள்.

எந்த விருந்தாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அவர் எழுத்து அவருக்கே புரியாது. அதனால் விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் வாயாடி உட்கார்ந்து கணினியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். விருந்தாளியின் பெயரையும் அது என்ன பிராணி என்ற வகையையும் பதிந்தால் போதும், காலையில் வேலைப் பட்டியல் திரையில் வந்துவிடும். அதன்படி செய்வது அவள் தம்பி சுண்டுவின் பொறுப்பு. அவன் எழுத்துக்கூட்டிப் படித்து, படித்ததை அப்படியே செய்வான்.

"ஒரு வாரம் பார்க்கலாம். தப்பு வந்தா மறுபடி நோட்டுதான்" என்று அத்தை சொல்லியிருந்தார்.

ஆறு நாள் ஒரு குறையும் இல்லை. ஆறாம் நாள் இரவு தங்கம் என்ற பெயரோடு ஒரு தங்கமீன் வந்தது.

காலையில் சுண்டு மீன் தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெருமுனை வரை போய்த் திரும்பினான். பாதித் தண்ணீர் தெருவிலேயே போய்விட்டது. மிச்சத் தண்ணீரில் மீன் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

"மீனை யாராவது நடக்கக் கூட்டிட்டுப் போவாங்களாடா?" என்றார் அத்தை.

"திரையில போட்டிருந்துச்சே அத்தை. கழுத்துல கயிறு கட்டவும்னு கூட இருந்துச்சு. கழுத்து எங்கன்னு தெரியல." சுண்டுவின் கண் கலங்கிவிட்டது.

வாயாடி சுண்டுவின் பக்கத்தில் போய் நின்றாள். பேசாமல் இருந்தால் பழி சுண்டுவோடு போய்விடும். ஆனாலும் சொன்னாள்.

"அவன் மேல தப்பில்ல அத்தை. விருந்தாளின்னா நாய்தான்னு நெனச்சு நான் எழுதிட்டேன். சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க."

அத்தை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, சாயந்திரம் வரைக்கும்."

இருவரும் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார்கள்.

"தங்கம்னு பேர் வந்தா நடை வேண்டாம்னு எழுதிடறேன்" என்றாள் வாயாடி.

"நாளைக்கு வேற மீன் வந்தா? முயல் வந்தா?" என்றான் சுண்டு.

வாயாடி நகத்தைக் கடித்தாள். யார் வருவார்கள் என்று இப்போது எப்படித் தெரியும்?

"இப்ப தெரியாது. பட்டியல் போடுற நேரத்துல தெரியும்ல" என்றாள் மெதுவாக. "வகையைப் பதியத்தான் செய்யறோம். நான்தான் அதைக் கேக்கவே இல்ல. ஒவ்வொரு விருந்தாளிகிட்டயும் நிரல் முதல்ல, 'நீ நாயா?'ன்னு கேக்கணும். ஆமான்னு வந்தா மட்டும் நடை."

அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாள்.

சாயந்திரம் ஒரு நாய்க்குட்டியும் ஒரு முயலும் வந்து சேர்ந்தன. அத்தையே பதிந்தார், அத்தையே படித்தார். நாய்க்குட்டிக்கு நடையும் கயிறும் வந்தன. முயலுக்கும் மீனுக்கும் உணவு மட்டும்தான்.

அத்தை நோட்டோடு எழுந்தார். ஆடிக்கொண்டிருந்த மீன் தொட்டிக்கு அடியில் அந்த நோட்டை முட்டுக் கொடுத்தார். வாயாடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை சுண்டு கயிற்றோடு தொட்டி முன் நின்றான்.

"நீ நாயா?" என்று கேட்டான்.

மீன் ஒரு குமிழி விட்டது.

"இல்லையாம்" என்று சொல்லிவிட்டு, நாய்க்குட்டியோடு கிளம்பினான்.