நுணாக் கட்டை நெருப்பு

"இன்னிக்கும் அந்த மஞ்ச கட்டையத்தான் அடுப்புல வைக்கப் போறியா?"

விடிந்தும் விடியாததுமாகப் புழக்கடை வாசலில் நின்று கேட்டாள் தர்மவதி. குரல் எழும்பவில்லை. நேற்று முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் நாவில் படவில்லை. எட்டு நாள் கார்த்திகை நோன்பின் ஆறாம் நாள் இது.

மருமகள் ராஜமதி கோடாலியை ஓங்கினாள். போன மாதப் புயலில் முறிந்த நுணாக் கிளை இரண்டாகப் பிளந்தது. உள்ளே மஞ்சளை அரைத்துப் பூசினாற்போல் ஒரு நிறம். பக்கத்தில் கிடந்த ஒதியன் துண்டுகள் சிவந்திருந்தன. கல்யாண முருங்கையோ வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் கனமே இல்லை. எல்லாம் பார்க்கத்தான் அழகு. அடுப்பில் வைத்தால் புகையும், கண்ணைக் கரிக்கும். சூடு மட்டும் ஏறாது.

"கொட்டா நெறைய புளியங்கட்டை கெடக்குது. எம்புள்ள தர்மதாஸ் வண்டி வெச்சுக் கொண்டாந்தது. அதைத் தொடமாட்டேங்கிற..."

"அது ஈரம் அத்தே."

"ஈரமா? காஞ்சு வெடிச்சுக் கெடக்குதுடி. உங்க நைனா வூட்டுக்கு வண்டியேத்தலாம்னு பாக்கறியா?"

ராஜமதி குனிந்து ஒவ்வொரு துண்டாகத் தரையில் தட்டி, எறும்போ புழுவோ இருக்கிறதா என்று பார்த்தாள். சமண வீடு. உயிர் ஒட்டிய விறகு அடுப்புக்குள் போகக் கூடாது. கண்ணீர் முட்டியதில் கட்டையே சரியாகத் தெரியவில்லை.

தர்மவதியின் நோன்பு கடுமையானது. கோயில் பூசை முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். அதன் பிறகுதான் உலை வைக்க வேண்டும். ஒரே வேளை சாப்பாடு. அதுவும் சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள். இறங்கிவிட்டால் மறுநாள்தான். நேற்று அரிசி வேகுமுன்பே சூரியன் இறங்கிவிட்டது. இலை முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போனாள்.

ஆபீசுக்குக் கிளம்பிய கணவன் சாந்திநாதன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசு ஆவுது ராஜமதி. இன்னிக்கும் பொழுதோட சோறு ஆவலைன்னா, நாளைக்கு மொத பஸ்ல உன்னை மேல்சித்தாமூர்ல உங்க நைனா வூட்டுல விட்டுடுவேன். அப்புறம் என்னை ஒண்ணும் கேக்காத."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். கல்யாணமாகி எட்டு வருடத்தில் இப்படி ஒரு பேச்சை அவன் பேசியதே இல்லை.

தர்மவதி கோயிலுக்குப் போனதும் கொழுந்தன் தர்மதாஸ் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணி... ஒரே ஒரு கட்டைப் பிரிச்சு எரிங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே தம்பி."

மூன்று நாளைக்கு முன்பு அந்த விறகு வந்து இறங்கியபோது, ஏது என்று அவள்தான் துருவித் துருவிக் கேட்டாள். சிங்கவரம் பொன்னுசாமியின் கொல்லை விறகு. கேட்காமல் எடுத்து வந்தது. மழையில் கடைகளில் எல்லாம் ஈர விறகு. அம்மா நோன்பு கெடக் கூடாதே என்று இவன் செய்த காரியம்.

"பொன்னுசாமிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வான்னு சொன்னேனே, போனியா?"

"பயமா இருக்குது அண்ணி. அம்மாவுக்குத் தெரிஞ்சா சாப்பாட்டையே விட்டுடுவாங்க. ஆனா, இப்பிடியே போனா செத்துப் போயிடுவாங்க."

"திருட்டு விறகுல ஆக்குன சோத்தைத் தின்னு நோன்பு முடிச்சேன்னு பின்னால தெரிஞ்சா மட்டும் இருப்பாங்களா? இன்னும் ரெண்டு நாளு. என்னை என்ன வேணா பேசட்டும்."

மாமியார் கோயிலிலிருந்து திரும்பியதும், மூன்றரைக்கு ராஜமதி உலை வைத்தாள். ஊதுகுழலில் ஊதி ஊதி நெஞ்சு வலித்தது. ஊதும்போது எரியும், நிறுத்தினால் புகைதான். அடுக்களை வாசலைத் தாண்டிப் பார்த்தால் கோட்டை மலை. சூரியன் அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றது. நேற்று போல ஆகிவிடக் கூடாதே... கையால் விசிறினாள். முந்தானையால் விசிறினாள்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் கொதித்தது. அரிசியைப் போட்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த மாமியாரின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தபோது, கொட்டகைக்கு ஓடி ஒரு கட்டு புளியங்கட்டையைத் தூக்கி வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்தும் விட்டாள். மறுபடி உட்கார்ந்து ஊதினாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"அம்மா, சிங்கவரம் பொன்னுசாமி வந்திருக்கேன்." வயதான குடியானவர், தலைத் துண்டை எடுத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் வந்தார். "புயல்ல சாஞ்ச புளியமரத்தை வெட்டிக் கட்டி வெச்சிருந்தேன். காணோம். வண்டிக்காரன் உங்க வூட்டைச் சொல்றான். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு..."

தர்மவதி கண்ணைத் திறந்தாள். தர்மதாஸ் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் எடுத்தாரச் சொன்னேன்," என்றாள் ராஜமதி. "யாரு மேலயும் குத்தமில்ல. எம்மேலதான் தப்பு."

பொன்னுசாமி கொட்டகையை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது? நான் போட்ட முடிச்சு அப்பிடியே இருக்குது. ஒரு கட்டுகூடப் பிரிக்கலியே?"

தர்மவதி மருமகளைப் பார்த்தாள். புகையில் வீங்கிய கண்கள். கோடாலி பிடித்துக் கொப்புளம் உடைந்த உள்ளங்கை. அடுப்பில் மஞ்சளும் சிவப்புமாய்ப் பாதி கருகிய கட்டைகள்.

"நீ கொண்டாரச் சொல்லியிருந்தா ஏண்டி எரிக்கல?"

ராஜமதி குனிந்து கருகிய கட்டையை அடுப்புக்குள் தள்ளினாள்.

"பேச்சு வாங்கிக்கினு, புகையைக் குடிச்சுக்கினு... யாருக்காகடி?"

"அம்மா..." தர்மதாஸ் அவள் காலில் விழுந்தான். "நான்தாம்மா. அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. உன் நோன்பு கெடக் கூடாதுன்னு அண்ணி அதைத் தொடவே இல்ல."

தர்மவதி அவனைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து நிற்க முயன்று முடியாமல் கையை ஊன்றித் தவழ்ந்தே அடுப்பருகே வந்தாள். ராஜமதியின் கையிலிருந்து ஊதுகுழலை வாங்கி ஊதினாள். மூச்சுதான் வந்தது, நெருப்பு வரவில்லை. இருவரும் மாறி மாறி ஊதினார்கள்.

சோறு பொங்கி வந்தபோது கோட்டை மலைக்குப் பின்னால் வெறும் செம்மைதான் மிச்சம்.

ராஜமதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "அத்தே... முடியலியே அத்தே... இன்னிக்கும் உங்களைப் பட்டினி போட்டுட்டேனே..."

"வடி. இலை போடு," என்றாள் தர்மவதி. "பொன்னுசாமி, உக்காருங்க."

"நானா? நீங்க ரெண்டு நாளா பட்டினி கெடக்கறீங்க. நான் எப்பிடிம்மா கை வைப்பேன்?"

"உங்களுக்குப் பொழுது கணக்கு கெடையாது. உங்க பொருளை எம்புள்ள எடுத்துட்டான். நீங்க சாப்ட்டாதான் நாளைக்கு எனக்குத் தொண்டையில எறங்கும்."

அவர் உட்கார்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தர்மவதியே பரிமாறினாள்.

"தர்மதாஸ், வண்டியெல்லாம் வேணாம். ஒவ்வொரு கட்டா தலையில தூக்கிக்கினு போய் அவர் கொல்லையில வெச்சுட்டு வா. எத்தனை நடையானாலும் சரி."

அவன் தலையசைத்துவிட்டு முதல் கட்டைத் தூக்கினான்.

ராஜமதி தரையைப் பார்த்தபடி, "காலைல பஸ்ஸுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"எந்த பஸ்ஸு? சாந்திநாதன் வரட்டும். அவனுக்குப் பதில் சொல்ல நான் இருக்கேன்." கிழவிக்குத் தலை சுற்றியது. கையை நீட்டினாள். "புடிச்சுக்கோடி. விழுந்துடப் போறேன்."

ராஜமதி ஓடிவந்து தாங்கினாள். எலும்பும் தோலுமான அந்த உடம்பு அவள் மார்பில் சாய்ந்து அழுதது.

"உன் வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா..."

"சொன்னா சாப்பாட்டை விட்டுடுவீங்களே அத்தே."

"விட்டிருப்பேன்," என்றாள் தர்மவதி. மருமகளின் கொப்புளம் உடைந்த கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இப்ப விடமாட்டேன். விடிஞ்சதும் உலை வை. நாளைக்குப் பூசைக்குப் போகல. உன்கூட உக்காந்து ஊதறேன்," என்றாள்.