ஒரே முகவரிக்காரர்கள்

"காப்பி ஆறுறதுக்குள்ள மேற்கு யூட்லாந்து ஜனத்தொகையையே பாதியாக்கிட்டேன், ஹென்னிங்!" என்று தொலைபேசியில் கூவினாள் போடில்.

"ராணிக்குச் சொல்லி அனுப்பு, பதக்கம் குடுப்பாங்க," என்றான் வேலைக்கு வண்டியோட்டிக்கொண்டிருந்த அவள் கணவன்.

விஷயம் இதுதான். டென்மார்க்கில், லெம்விக் துறைமுகத்தை ஒட்டி விறகடுப்பும் புகைபோக்கியும் பழுது பார்க்கும் அவர்கள் கடைக்கு, கடற்காகங்களைத் தவிர ஊரே வாடிக்கை. வாடிக்கையாளர் அட்டைகளெல்லாம் இப்போது இணையத்தில், எங்கோ ஒரு கிடங்கில் கிடந்தன. இவள் மேசையில் திருத்தினால் அவன் கைபேசியில் அந்தக் கணமே திருந்தும். அன்று காலை மென்பொருள் தானாகவே ஒரு யோசனை சொன்னது. ஒரே குடும்பப்பெயர், ஒரே முகவரி, ஒரே தொலைபேசி எண் கொண்ட அட்டைகளை ஒன்றாக்கட்டுமா? ஒன்றானதைப் பிரிக்க முடியாது. போடில் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. 'அனைத்தும்' என்று அழுத்திவிட்டாள். புதிய அட்டையில் தொடங்கிப் பழையதை நோக்கி அது நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குத் தாங் சகோதரர்கள் வீட்டிலிருந்து அழைப்பு. ஆக்ஸெலும் வில்லாட்ஸும் எழுபது வயதிலும் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொள்பவர்கள். அவர்கள் சண்டை நார்வே வரை கேட்கும்.

"அடுப்பு புகையுது," என்றது ஆக்ஸெலின் கரகரப்பு.

"புகையல," என்றது வில்லாட்ஸின் கீச்சுக்குரல்.

நடுவில் இடைவெளியே இல்லை. ஒரே மூச்சு, ஒரே ஈரவாய். பிறகு இரண்டு குரலும் சேர்ந்து மெதுவாகக் கெஞ்சின: "பிரிச்சு விடும்மா."

சன்னலுக்கு வெளியே கடல்மூட்டம் வெள்ளைக் கம்பளியாய்த் துறைமுகத்தை மூடியிருக்க, கரியும் மீனும் கலந்த வாசனை கதவிடுக்கில் கசிய, பாய்மரக் கம்பங்களில் கயிறுகள் டிக்டிக்கென்று அடிப்பதைக் கேட்டபடி, போடில் கணவனை அந்த வீட்டுக்கு அனுப்பினாள்.

அரை மணியில் அவன் பேசினான். "வாசல்ல ரெண்டு ஜோடி பூட்ஸ், உள்ள ஆக்ஸெல் மட்டும்தான். வில்லாட்ஸ் எங்கன்னு கேட்டா, சட்டைப் பொத்தானக் கழட்டிக் காட்ட வர்றாரு! கெழவருக்குக் காலையிலயே தண்ணி."

"அது வில்லாட்ஸும்தான், ஹென்னிங். நான்தான் அவங்கள ஒண்ணாக்கினேன்."

"சரிதான், சூனியக்காரி. நான் சாப்பிட வர்றேன். ஈரல் விழுதும் ரொட்டியும் எடுத்து வை."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மென்பொருள் வாங்கிய முதல் நாள், அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சின்னக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவர்களும் செய்திருந்தார்கள். தங்களையே வாடிக்கையாளராகப் பதிந்திருந்தார்கள். அட்டை ஒன்று, போடில். அட்டை இரண்டு, ஹென்னிங். ஒரே பெயர். ஒரே வீடு. ஒரே எண்.

திரையில், மீதம்: நாற்பது அட்டைகள்.

'நிறுத்து' என்று அழுத்தினாள். மங்கிக் கிடந்த பொத்தான் அசையவில்லை. அட்டையை அழிக்கப் பார்த்தாள்: 'பயன்பாட்டில் உள்ளது.' மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். திரை அணைந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது.

தொலைபேசி. "கடைவாசல்லதான் நிக்கறேன். அந்தப் பட்டியல் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு?"

"எங்க?"

"என் போன்லதான். மீதம் ஆறு. நாலு."

"உள்ள வராத! ஓட்டிட்டுப் போ, தூரமாப் போ!"

"எங்க போனாலும் நம்ம முகவரி ஒண்ணுதானே," என்று சிரித்தான். "ரெண்டு. ஒண்ணு. போடில், என்னோட கை..."

சிரிப்பு நின்றது.

சன்னலில் வண்டி. இன்ஜின் ஓடுகிறது. கதவு சாத்தியபடி. இருக்கைப் பட்டை மாட்டியபடியே தொய்ந்து கிடக்கிறது. உள்ளே யாருமில்லை.

இடது விலாவுக்குள் ஏதோ புரண்டது. முழங்கை மாதிரி. தொண்டையில் கரிவாசனை. நாக்கு தடித்தது. அவள் பற்களை இறுகக் கடித்தாள். தாடை தானாகத் திறந்தது.

"நெசந்தான் போடில்," என்றது அவள் வாயிலிருந்து ஹென்னிங்கின் குரல். "நீ சொன்னது நடந்துடுச்சு."