பயம் காட்டிய பூசணிக்காய்

காலையில் கடைவீதிக்கு வந்த ரூபி சட்டென்று நின்றாள்.

அவர்களுடைய பானிபூரி வண்டிக்கு முன்னால் ஒரு பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. உள்ளெல்லாம் ரத்தச் சிவப்பு!

பீகாரிலிருந்து வந்து ஒரு வருடம் செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா, நேற்றுதான் திருவரங்குளம் கடைவீதியில் இந்த வண்டியைப் போட்டார். முதல் நாளே நல்ல கூட்டம். ஆனால் பக்கத்துப் பஜ்ஜிக் கடை நாகராசு மட்டும் அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய மீசையைப் பார்த்து ரூபி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரோ நம்மை மிரட்டுகிறார்கள்," என்று அப்பா இந்தியில் கிசுகிசுத்தார். "வண்டியை விற்றுவிட்டுச் சூளைக்கே போய்விடலாம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் சூளையின் அந்தத் தகரக் கொட்டகையிலா இருக்க வேண்டும்? ரூபிக்கு அழுகை முட்டியது.

அந்நேரம் ஒரு சைக்கிள் பூசணித் துண்டில் ஏறி வழுக்கி, விழாமல் தப்பியது.

அடுத்து வருபவர் விழுந்துவிட்டால்? ரூபி துடைப்பத்தை எடுத்தாள். துண்டுகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனவள் பஜ்ஜிக் கடை முன்னால் நின்றுவிட்டாள். அங்கேயும் அதே சிவப்புப் பூசணிக்காய்!

மிரட்டுகிறவர் தன் கடை வாசலிலுமா உடைப்பார்? உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நாகராசிடமே கேட்டுவிட வேண்டியதுதான்.

"அண்ணே... எங்க வண்டி முன்னாடி பூசணிக்கா ஒடைச்சது யாரு?"

"நான்தான்," என்றார் நாகராசு.

ரூபி ஓரடி பின்வாங்கினாள். "நாங்க... இங்கேருந்து போயிரணுமாண்ணே?"

"எங்கிட்டுப் போகணும்? இன்னைக்கு அமாவாசை பாப்பா. கடைக்குத் திருஷ்டி கழிக்கணும்ல? நேத்து அம்புட்டுக் கூட்டம், எத்தனை கண்ணு பட்டுச்சோ! ஒங்கப்பாவுக்குத் தெரியாதேன்னு ஒங்களுக்கும் ஒண்ணு ஒடைச்சேன்."

"அந்தச் சிவப்பு?"

"குங்குமம்!"

"அப்ப நேத்து ஏன் மொறைச்சீங்க?"

"மொறைச்சேனா? அந்தப் பானிபூரியை எப்படித் திங்கிறாங்கன்னு பாத்தேன். என் மூஞ்சியே அப்படித்தான்!"

ரூபி ஓடிப்போய்ச் சொன்னாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "திருஷ்டியா! நம் ஊரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவோமே, அதுதானா?"

அம்மா வண்டியின் தார்ப்பாயை விலக்கினாள். முதல் தட்டு நாகராசுக்குத்தான். அவர் பூரியைப் பாதி கடித்தார். புளித்தண்ணீர் மீசை வழியாகச் சட்டையில் ஒழுகியது.

"ஐயையோ, கடிக்கக் கூடாதுண்ணே! முழுசா உள்ள போடுங்க!"

நாகராசு அடுத்ததை முழுசாகப் போட்டார். கன்னம் உப்பியது, காரத்தில் கண் கலங்கியது. வாய் நிறைந்திருக்க, இன்னும் வேண்டுமென்று தட்டை ரூபியிடம் நீட்டினார்.