ஏரோது கொடுத்த வாக்கு

காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சலங்கையைக் கொண்டுவந்து வைத்தார் மாமனார் டேவிட். ஸ்வீட்லின் பிட்ட இட்லியை அப்படியே தட்டில் வைத்தாள்... ஆட்டமெல்லாம் கோயில் குடும்பத்துக்கு ஆகாது என்று, கல்யாணமாகி வந்த அன்றே அதை அவளிடமிருந்து வாங்கிப் பீரோவில் பூட்டியவரும் இதே மனுஷன்தான்!

நசரத்பேட்டை சர்ச்சின் பங்குத் திருவிழாவில் அன்று மாலை, ராஜா தலையை வெட்டச் சொல்லும் தீர்க்கதரிசி யோவானின் நாடகம். ஏரோது ராஜா வேஷம் வருஷா வருஷம் டேவிட்டுக்குத்தான். ராஜசபையில் ஆட வேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மறைமாவட்டத்து ஆயர் வேறு வருகிறார். மானம் போகுமே!

"இன்னிக்கு மட்டும் ஆடிடும்மா. வந்ததும் மறுபடி பீரோவுல வெச்சிடணும், இன்னா?"

மாட்டேன் என்றால் பெரியவரை எதிர்த்தவள் என்று பேராகும். ஆடினால் நாளைக்கே மறுபடி பூட்டு. எந்தப் பக்கம் போவாள்? புருஷன் பெனிட்டோவைப் பார்த்தாள். அவன் சட்னியைப் பார்த்தான். அப்பா மனசு மாறும், பொறுத்துக்கோ என்று ஆசையாகச் சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷத்தை ஓட்டிய புண்ணியவான்! அவன்மேல் வைத்த பாசத்துக்காகத்தானே அவளும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தாள்... மாமியார் ஜெயசீலி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள்.

மாலையில் ஆடினாள். அடக்கி வைத்ததெல்லாம் காலில் இறங்கியது. மேடை ஓரத்தில், ஓட்டை போட்ட மேஜைக்குள் பெனிட்டோ குந்தியிருந்தான். அவன்தான் யோவான். வெட்டுண்ட தலையாகக் காட்ட வேண்டுமே, அதற்காகத் தலையை மட்டும் மேலே நீட்டச் சொல்லி, துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"கேள் பெண்ணே! என் நாட்டில் பாதியானாலும் தருகிறேன்!" என்று மைக்கில் முழங்கினார் ஏரோது.

நாடகப்படி, ஆடிய பெண் பரிசாக யோவானின் தலையைக் கேட்க வேண்டும். ஸ்வீட்லினுக்கு வசனம் மறக்கவில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"தலை வேணாம் மாமா... இந்தச் சலங்கைய எங்கிட்டயே உட்டுடுங்க. நான் ஆடணும்."

ஆயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேவிட்டின் அட்டைக் கிரீடம் ஆடியது. ஊர் முன்னால் கொடுத்த வாக்காயிற்றே!

அப்போது துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"குடுத்துடுங்கப்பா. பாவம், அவ ஆடட்டும்."

அப்பாவிடம் அவன் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. துணி நழுவி விழுந்தது. யோவானின் தலை அழுதுகொண்டிருந்தது.

டேவிட் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார். "வெச்சுக்கோம்மா," என்றார், மைக் இல்லாமல், மாமனார் குரலில். ஜெயசீலி மேடையேறி ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் விம்மி விம்மி அழுததில், மேஜைக்குள் மாட்டிக்கொண்டிருந்த பெனிட்டோவை வெளியே எடுக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.