சுருங்காத முக்கோணம்

முக்கோணம் சுருங்கியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கனிஷ்கா ஆஸ்பத்திரியில் உயிரளவி என்ற கருவியின் முன் வாயைத் திறந்தாள்.

"இ" என்றாள். நாக்கின் முன்பகுதி அண்ணத்தை நோக்கி எழும்பியது. "உ" என்றாள். நாக்கு பின்வாங்கி உயர்ந்தது, உதடு குவிந்தது. "ஆ" என்றபோது தாடை இறங்கி நாக்கு கீழே படிந்தது. மூன்று இடங்களையும் கோட்டால் இணைத்து உயிரளவி திரையில் ஒரு முக்கோணம் போட்டது.

உயிரெழுத்துக்கு வாய்க்குள் தடை எதுவும் கிடையாது. நாக்கு நிற்கும் இடமும் உதட்டின் வடிவமும்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்கின்றன. மனம் சோர்ந்தவரின் நாக்கு மூலைவரை போகச் சோம்பி நடுவிலேயே கிடக்கும்; முக்கோணம் சிறுத்துவிடும். இதைக் கண்டுபிடித்ததும் கோயம்புத்தூரில் ஒவ்வொரு கழுத்திலும் பேச்சை அளந்து நிறம் காட்டும் ஒரு பட்டை ஏறியது. முக்கோணம் பெரிதென்றால் பச்சை. சிறுத்தால் சிவப்பு, வேலையும் போகும், வண்டி ஓட்டும் உரிமமும் போகும். 'நல்லா இருக்கீங்களா' என்று விசாரிக்கும் சிரமம் ஊருக்கு மிச்சம். கழுத்தைப் பார்த்தால் தெரிகிறதே, எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது?

சிவப்புக்காரர்களைப் பச்சையாக்குவதுதான் கனிஷ்காவின் பிழைப்பு. "அழுகை வந்தாலும் தாடையை இறக்குங்க" என்பது அவள் வகுப்பின் முதல் பாடம். ஊரே வந்து படித்தது.

போன மாதம் கணவன் கவின் இறந்துபோனான். சோறு இறங்கவில்லை. நேற்று மொட்டைமாடிச் சுவரோரம் நின்றவள், தன்னைக் கண்டு தானே பயந்து கீழே ஓடிவந்தாள். வீட்டில் தனியாக இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை வாங்கிவிட வேண்டும் என்றுதான் இங்கே வந்திருக்கிறாள்.

"முழுசா விரிஞ்சிருக்குதுங்க. இவ்வளவு பெரிய முக்கோணம் நான் பார்த்ததே இல்லீங்க" என்றார் மருத்துவர் தர்ஷன்.

"அது பழக்கமுங்க டாக்டர். தூக்கத்துல பேசினாலும் அப்படித்தான் வரும். என்னைய வீட்டுக்கு அனுப்பாதீங்க. எனக்கு என்மேலயே பயமா இருக்குதுங்க."

அதையும் பாவி அழகாகத்தான் சொன்னாள். பச்சை அசையவில்லை.

"சிவப்பு இல்லாம படுக்கை குடுக்க முடியாதுங்களே."

"இன்னொருவாட்டி சொல்றனுங்க." நாக்கை நடுவிலேயே போட்டு மூன்றையும் மந்தமாக இழுத்தாள். மணி அடித்தது. சோகமாக நடித்து விடுப்பு வாங்கியவர்களைப் பிடிப்பதற்கென்று வைத்த மணி அது. சந்தோஷமாக நடிப்பவர்களைப் பிடிக்கவும் ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவள் வகுப்பு ஒரு நாள்கூட நடந்திருக்காது.

"நடிப்புன்னு காட்டுதுங்க மேடம்." தர்ஷன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இந்த வேலைக்கு முன்னாடி நானும் உங்ககிட்டதான் படிச்சேன். இல்லீன்னா இந்த நாற்காலி எனக்கு ஏதுங்க?"

கனிஷ்கா அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சட்டைப் பொத்தான்கள் துளை மாறியிருந்தன. கழுத்தில் பச்சை எரிந்தது.

"நீங்க நல்லா இருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்து பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். கதவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நல்லா இருக்கேனுங்க" என்றார். தாடை முழுக்க இறங்கி, நாக்கு கீழே படிந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே வந்தது அந்த 'ஆ'.